மணப்பாட்டு மேட்டைக் காலால் சுற்ற விடுங்கள்: ஒரு திறந்த மடல்

மணப்பாடு ஊராட்சியின் பொறுப்பாளர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்கு மக்களின் சார்பில் முடிவெடுப்போருக்கும், தூத்துக்குடி மாவட்டத்தில் சுற்றுலாப் பணிகளைக் கவனித்துவரும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் வசிப்பவன். பிறந்து வளர்ந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காடு எனப்படும் செம்மணல் பரப்பில் உள்ள ஓர் ஊரில். எங்கள் வீட்டில் சிலுவை வழிபாடு இல்லை என்றாலும், செப்டம்பர் 14ஆம் நாள் நிறைவுறும் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு என் தாயார் ஒவ்வோர் ஆண்டும் எங்களை மணப்பாட்டுக்கு அழைத்து வருவார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்குப் போகும் அதே மனத்தோடுதான் அவர் இங்கும் வந்தார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்து, ஊருக்குள்ளிருந்து புறப்பட்டு, சிலுவை ஆலயம் நிற்கும் மேட்டில் ஏறி, கடற்பக்கம் இறங்கி, குகையைக் கடந்து, மணல்திட்டில் சிறிது தூரம் நடந்து, உள்நீர்ப்பரப்பின் ஓரமாக மறுபடியும் ஊருக்கே வந்து சேரும் ஒரு சுற்றை நடந்து முடித்த பிறகே பேருந்து ஏறுகிறேன். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்த மடல் அந்தச் சுற்றைப் பற்றியது. கேட்பது ஒன்றே. அதைக் காலால் மட்டுமே சுற்றக்கூடிய வழியென்று முறைப்படி அறிவித்து, எளிய அடையாளங்கள் இட்டு, வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, மேட்டிலும் திட்டிலும் சிமெண்டுத் தளமோ பேவர் பிளாக் கல்லோ ஏறாமல் காத்துத் தர வேண்டும்.

மணப்பாடு தீவு அன்று. ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழைகிறவருக்குத் தீவுக்குள் புகுவது போன்ற உணர்வே எழும். முன்னே மன்னார் வளைகுடா. பக்கத்தில் கருமேனியாறு கடலைத் தேடி வந்து தேங்கும் அமைதியான நீர்ப்பரப்பு. இரண்டுக்கும் நடுவே நாக்குப் போல நீண்ட மணல். அந்த மணலுக்கும் ஊருக்கும் காவல் நிற்பதுபோல் கடலுக்குள் துருத்திய மேடு. இவ்வளவு சிறிய இடத்துக்குள் தொழிலுக்குப் போய்வரும் படகுகளும், மீன் ஏலமும், பள்ளிப் பிள்ளைகளும், கொழும்பு வாணிபக் காலத்தை நினைவூட்டும் பெரிய பழைய வீடுகளும், யாகப்பர் ஆலயமும், நாள்தோறும் வண்டி வண்டியாக வந்திறங்கும் வெளியூர்க்காரர்களும் நெருங்கி நிற்கிறார்கள். விடுமுறை நாளில் தெருவில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்துவிட்டால் மீன்கூடையோடு வரும் பெண்கள் ஒதுங்க இடமின்றிச் சுவரோடு சாய்ந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: வண்டியை மேட்டின் அடிவரை கொண்டுபோய் நிறுத்துவது, ஆலயத்தில் வணங்குவது, கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது, அரை மணி நேரத்தில் திருச்செந்தூருக்கோ உவரிக்கோ புறப்பட்டுவிடுவது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. ஒரு பலகை இல்லை, ஒரு கல் இல்லை. இறங்கினால் எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாதவர் குழந்தையையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு மணலில் இறங்கத் துணிவதில்லை.

இந்தச் சீமைக்கு நடை புதிதன்று. திருநெல்வேலியிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்குக் காலால் வருவோர் ஆண்டுதோறும் சாலையோரம் முழுவதும் நடக்கிறார்கள். 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களுக்கிடையே காலால் நடந்தே பணிசெய்தார். 1544இல் தம் உடன் ஊழியருக்கு அவர் எழுதிய கடிதங்கள் சிலவற்றில் எழுதிய இடமாக மணப்பாடே குறிக்கப்பட்டிருக்கிறது. 1841இல் இடையன்குடிக்கு வந்து அமர்ந்த கால்டுவெல்லும் சென்னையிலிருந்து பெருவழியைக் கால்நடையாகவே கடந்தவர். கோயில் பிராகாரத்தை வலம் வருகிறோம், மலையை வலம் வருகிறோம்; சப்பரம் ஊரைச் சுற்றி வந்து புறப்பட்ட வாசலிலேயே நிற்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் நடை நம் மக்களுக்குத் தனியே கற்றுத்தர வேண்டிய ஒன்றாக இல்லை. மணப்பாட்டு மேட்டுக்கும் அப்படி ஒரு வலத்தைக் காட்டிவிட்டால் போதும், அவர்கள் நடந்துகொள்வார்கள்.

சிமெண்டு வேண்டாம் என்று நான் கேட்பதற்கு அழகு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. முதற்காரணம் தண்ணீர்.

1581இல் கட்டப்பட்ட சிலுவை ஆலயத்தின் கீழே, கடல் பார்த்த பக்கத்தில், சவேரியார் தங்கித் தவம் செய்ததாகப் போற்றப்படும் குகை இருக்கிறது. அதற்கு முன்பே அங்கே சைவத் துறவியர் தங்கியிருந்தார்கள் என்று சொல்வார்கள். குகையை ஒட்டிய சிறு கிணற்றில் குடிக்கத்தக்க நீர் கிடைக்கிறது. அலையின் சத்தம் காதில் விழும் தொலைவில் நின்று அந்த நீரைக் கையில் ஏந்திக் குடிக்கிறவர், திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்தபோது வியந்ததைப் போலவே இங்கும் வியக்கிறார். அந்த வியப்பைக் குறைக்க நான் விரும்பவில்லை; ஆனால் அது நடக்கும் விதம் தெரிந்தால் மேட்டை நாம் இன்னும் கவனமாக நடத்துவோம். மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடாமல் உறிஞ்சப்படுகிறது. உள்ளே இறங்கிய நன்னீர், அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் அழுத்தம் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதன் மறுபக்கமும் உண்மை. மேலே 1 அடி நன்னீர் குறைந்தால் கீழே 40 அடி உப்புக்குப் போய்விடும்.

கடல்நீர் நிலத்தடியில் ஏறிக் கிணறுகள் உப்பானதன் துன்பத்தை உடன்குடி வட்டாரத்து விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சும் பனைக்காட்டுக்காரரிடமும் கேட்கலாம். அப்படியிருக்க, மழையைக் குடித்து நன்னீரைத் தாங்கி நிற்கும் ஒரு மணல்மேட்டின் மேல் வண்டி நிறுத்தத் தளமும், கல்பதித்த நடைமேடையும், உணவுக்கூடமும் ஏற்றி அதன் வாயை அடைப்பது, ஊருணியை மூடிவிட்டு அதன்மேல் பந்தல் போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது காரணத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், வெளியூர் இளைஞர்கள் நால்வர் ஒரு பெரிய வண்டியைத் திட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னேயும் பின்னேயும் இரண்டு மூன்று முறை போய்வந்த பின்னர் சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பலகை போட்டுத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை; எல்லோரும் சிரித்தபடிதான் பிரிந்தார்கள். ஆனால் அந்த வண்டி போன தடத்தில் அடம்பங்கொடி கயிறு கயிறாக அறுந்து கிடந்தது. நெய்தல் திணைப் பாடல்களில் அடும்பு என்று வரும் அதே கொடிதான் அது. ஊதா நிறப் பூவோடு மணல்மேல் படரும் அக்கொடியும், கூர்முனைகளைக் குடைபோல் விரித்து உருளும் இராவணன் மீசைப் புல்லும்தான் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. நான் ஆடி மாதத்தில் மறுபடி வந்தபோது, கொடி அறுந்த அந்த இரண்டு தடங்களும் ஒன்றாகி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்காலாகியிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மீதி வேலையைச் செய்திருந்தது. அதன் இரு ஓரங்களிலும் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அவற்றைத் தொட்டால் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு வண்டி ஒரு காலையில் செய்தது அவ்வளவு. மனிதன் நடந்த தடத்தை அடுத்த நாள் காற்றே துடைத்துவிடுகிறது.

மூன்றாவதாக, அந்த மணல்திட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். தென்மேற்குப் பருவக் காலத்து நீரோட்டம் கரையோரமாக மணலை வடக்கே கொண்டுபோகிறது. வாடை வீசும் காலத்தில் அது திசை மாறுகிறது. கோடையில் ஆற்றுநீர் வற்றி முகத்துவாரம் மணலால் அடைபடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொள்ளும். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் வழியே உபரி வெள்ளம் இப்பக்கம் வரும்போது முகத்துவாரத்தின் போக்கு இன்னும் மாறக்கூடும். ஆகவே பங்குனியில் கால் நனையாமல் நடந்த இடத்தில் கார்த்திகையில் ஆள் மூழ்கும் நீர் ஓடலாம். இப்படிப்பட்ட இடத்தில் நிலையான பாதை ஒன்றைக் கட்டினால் அது ஓராண்டு மணலுக்கு அடியில் கிடக்கும், மற்றோர் ஆண்டு அடிமண் அரிக்கப்பட்டு உடைந்து தொங்கும். அதைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டத் தொடங்கினால் இங்கே தடுக்கப்பட்ட மணல் வேறெங்கோ கிடைக்காமல் போய் அடுத்த ஊரின் கரை அரிக்கும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பொறியாளர் அல்லர். உள்நீர்ப்பரப்பின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர். இடது காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, வலது கையில் ஊசியை ஓட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “அண்ணாச்சி, அந்த வாய்ப் பக்கம் எறங்காதிய. மேல பாத்தா சும்மா கெடக்கும், அடியில இழுப்பு. போன மாசம் இருந்த கரை இப்ப இல்ல.” அன்று நான் அந்த இடத்தில்தான் குறுக்கே கடந்து போவதாக இருந்தேன். அவர் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஒவ்வொரு வெளியூர்க்காரருக்கும் அப்படி ஒரு முதியவர் எதிர்ப்படுவார் என்று நம்பியிருக்க முடியாது. அந்த வார்த்தை ஒரு பலகையில் இருந்தாக வேண்டும்.

எனவே சுற்றின் அடையாளங்கள் இடம் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரும்புக் கம்பம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறிவிடும். வைரம் பாய்ந்த பனங்கட்டை நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. இடுப்பளவு உயரத்தில், தலையில் ஒரு வண்ணம் பூசி, கண்ணுக்கெட்டும் தொலைவுக்கு ஒன்றாக நட்டால் போதும். பருவம் மாறும்போது திட்டின் மேல் உள்ளவற்றை மட்டும் பிடுங்கி, அன்றைய கரைக்கு ஏற்றபடி மாற்றி நட வேண்டும். எங்கே மாற்றி நடுவது என்பதைத் தொழிலுக்குப் போகிறவர்களே தீர்மானிக்கட்டும். அந்தப் பணிக்கு ஊராட்சி அவர்களுக்கு உரிய கூலி தர வேண்டும். மழைக்காலத்தில் திட்டை முற்றாக விட்டுவிட்டு, மேடு, குகை, கடற்கரை, ஊர்த்தெரு என்ற சிறிய சுற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முகத்துவாரத்துக்கு நெடுந்தொலைவு முன்னதாகவே வழி திரும்பிவிட வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, அழகுபடுத்தவோ பொழுதுபோக்குக்கோ மணல்மேடுகளின் இயற்கை வடிவை மாற்றுவதைத் தடைசெய்யப்பட்ட செயல்களில் ஒன்றாகவே வைத்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் கரைகளையும் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பகுதியில் சேர்க்கிறது. இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையிலான 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நான் கேட்பது புதிய சட்டம் அன்று என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

ஆமைகளைப் பற்றிச் சொன்னதால் விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரைகளில் இரவில் ஏறி மணலில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடுகின்றன. கடற்கரைக்கு ஹைமாஸ்ட் விளக்கு கேட்பது எல்லா ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. ஊருக்கும் படகு இறங்கும் இடத்துக்கும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தச் சுற்றுக்கு இரவு விளக்கு வேண்டாம். காலை விடிந்ததும் திறந்து, பொழுது சாயும்போது மூடிவிடலாம்.

கட்ட வேண்டியவையும் இருக்கின்றன; அவற்றைக் கட்டாமல் இருப்பதுதான் குறை. பேருந்திலிருந்து இறங்கும் பெண்களுக்குக் கதவு பூட்டும், தண்ணீர் வரும், நாள்தோறும் கழுவப்படும் கழிப்பறை முதலில் வேண்டும். என் தாயார் தம் கடைசி ஆண்டுகளில் இந்த ஊருக்கு வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார். கேட்டால் “தாகமில்லை” என்பார். அது தாகமில்லாமையால் அன்று என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் கழிப்பறையும், குடிநீரும், ஓலை வேய்ந்த ஒரு நிழற்கூடமும், வண்டிகள் நிற்க ஓர் இடமும் ஊரின் நிலப்பக்கத்து எல்லையில், மணல்மேட்டுக்கு வெளியே அமையட்டும். வண்டிக்கு நிறுத்தக் கட்டணம் வாங்குங்கள். கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்தப் பணத்திலிருந்து கழிப்பறைக்கும் குப்பைக்கும் ஆள் போடலாம். மேட்டுக்கு ஏற முடியாத முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஆலயம் வரை கொண்டுபோக, இப்போதுள்ள வழியிலேயே ஒன்றிரண்டு மின் ஆட்டோக்கள் ஓடட்டும். அந்த விலக்கு தேவையானது. அது அவர்களுக்கு மட்டுமே உரியதாகவும் இருக்க வேண்டும்.

கரையில் வாழ்கிறவர்களை முன்னிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். படகு ஏற்றுமிடமும், வலை உலர்த்துமிடமும், மீன் காய வைக்குமிடமும் அவர்களுடைய தொழிற்கூடம். வெளியூர்க்காரர்கள் அங்கே நடக்கும்போது ஒரு தச்சரின் பட்டறைக்குள் நடக்கிறோம் என்ற எண்ணம் வேண்டும். விரித்த வலையின்மேல் செருப்புக் காலோடு ஏறிப் படம் எடுக்கிறவர்களை நான் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். கரையேறும் படகின் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஒருவர் விழுந்ததையும் பார்த்தேன். ஆகையால் எங்கே வழி வர வேண்டும், எங்கே வரவே கூடாது என்பதை முதலில் கரைக்காரர்களிடம், குறிப்பாக மீன் விற்கும், கருவாடு காய வைக்கும் பெண்களிடம், கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் ஒரு பகுதியை வேண்டாம் என்றால் சுற்று அங்கே வளைந்து போகட்டும். சற்றுச் சிறியதானால் ஒன்றும் கெட்டுவிடாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் சீமைக்கு அது பெருமை. அதோடு இந்தக் கரைக்கு வரும் கூட்டமும் வண்டியும் கூடும் என்பது என் கணிப்பு. கூட்டம் வந்த பிறகு வண்டியைத் தடுப்பது கடினம், வரும் முன்னர் ஒரு சங்கிலியும் இரண்டு கல்தூண்களும் போதும். கடை போட்டு, தளம் போட்டு, பழகிப்போன பின்னர் எடுக்கச் சொன்னால் அது பிழைப்பைப் பறிப்பதாகிவிடும். அந்த வேதனையை ஊருக்குள் கொண்டுவராமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதற்படியாக ஒன்றை மட்டும் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை திருப்பலி முடிந்த பிறகு, ஊராட்சியினரும், கரைக்காரர்களும், பள்ளிப் பிள்ளைகளும், அலுவலர்களும் சேர்ந்து ஒருமுறை அந்தச் சுற்றை நடக்க வேண்டும். எங்கே கட்டை நடலாம், எங்கே பலகை வேண்டும், எங்கே கொடி அறுந்து மணல் ஓடுகிறது, எந்த இடத்தில் யாருக்கு இடைஞ்சல் என்பதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நாளைக் குறித்துச் சொன்னால் எங்கள் தேரிக்காட்டிலிருந்து இருபது பனங்கட்டைகளைச் சீவி, தலைக்கு வண்ணமும் பூசி, முந்தின நாள் மாலையே கொண்டுவந்து யாகப்பர் ஆலயத்துக்கு அருகில் இறக்கிவைக்க நானும் என் உறவினர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மணப்பாட்டைச் சிறுவயது முதல் சுற்றிவரும்
பாளையங்கோட்டைவாசி ஒருவன்